ஆறு ஏக்கர், ஏழு குடும்பம்: பத்திரம் போடறதுக்கு முன்னாடி

கேள்வி: வக்கீல் அக்காவுக்கு ஸ்தோத்திரம். நாங்க தாம்பரம் பக்கத்துல ஏழு குடும்பம். 9 வருஷமா வெள்ளிக்கிழமை ராத்திரி ஒவ்வொரு வீடா மாறி மாறி ஜெபக்கூட்டம் நடத்துறோம், கொரோனா சமயத்துல ஒருத்தருக்கொருத்தர் சமைச்சு கொடுத்து, ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடி, கூடப் பிறந்தவங்க மாதிரி ஆயிட்டோம். இப்ப எல்லாரும் சேர்ந்து தென்காசி மாவட்டத்துல கடையம் பக்கம் 6 ஏக்கர் புஞ்சை பார்த்து வச்சிருக்கோம். ஏழு சின்ன வீடு, ஒரு பொது சமையல்கூடம், ஒரு ஜெப வீடு, கொஞ்சம் தோட்டம், மாடு, பசங்களுக்கு நாங்களே பாடம், சுத்தி காம்பவுண்டு. இதுல ஒரு குடும்பம் இப்ப கனடா சிட்டிசன் ஆகி அங்க இருக்காங்க, அவங்க மூணுல ஒரு பங்கு பணம் தர்றாங்க. எங்கள்ல மூத்த அண்ணன் ஒருத்தர் பேர்ல மொத்தமா வாங்கிடலாம், நமக்குள்ள என்ன பத்திரம்னு எல்லாரும் சொல்றாங்க. டிரஸ்ட் போடலாமா, சொசைட்டி போடலாமா? பின்னாடி யாராவது வித்தா விசுவாசிக்கு மட்டும்தான் விக்கணும்னு எழுத முடியுமா? என் மனைவிக்கு மட்டும் கொஞ்சம் பயம் இருக்கு, அதுக்காக ஜெபிக்கிறோம்.

பதில்:

அன்பு தம்பி, ஸ்தோத்திரம். உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். முதல் தடவை படிச்சப்ப எனக்கு எங்க ஊர் ஞாபகம் வந்துடுச்சு, ரெண்டாவது தடவை படிச்சப்ப தான் வக்கீலா படிச்சேன், அதனால பதிலும் அப்படித்தான் ரெண்டும் கலந்து வரும், பொறுத்துக்கோங்க.

நான் பிறந்தது தேரிக்காட்டு ஓரத்துல ஒரு கிறிஸ்தவ ஊர். காலைல மணி அடிச்சா எந்திரிப்போம், சாயங்காலம் மணி அடிச்சா கோயிலுக்கு போவோம், உலை வைக்கிறப்ப எங்கம்மா ஒரு கைப்பிடி அரிசிய எடுத்து தனி கலயத்துல போட்டுட்டு தான் மிச்சத்த பானைல போடுவாங்க, அது காணிக்கை அரிசி. வருஷத்துக்கு ஒரு தடவை அசனம். ராத்திரி பூரா ஊர் ஆம்பளைங்க அண்டா வச்சு கறி ஆக்குவாங்க, மறுநாள் பணக்காரன் ஏழைன்னு இல்லாம எல்லாரும் ஒரே தரையில உக்காந்து சாப்பிடுவோம், வர முடியாதவங்களுக்கு வாளில வீட்டுக்கு போகும். அந்த சாப்பாட்டோட ருசி இன்னைக்கு வரைக்கும் நாக்குல இருக்கு. அதனால உங்க ஆசை எனக்கு நல்லாவே புரியும், இது தப்பு, இது நடக்காதுன்னு சொல்ல நான் வரல.

நம்ம பக்கத்துல இது புது விஷயமும் கிடையாது. 1799-ல தாவீது சுந்தரானந்தம் உபதேசியார் காலத்துல உண்டானது தான் முதலூர், பேரே முதல் ஊர் தான். விசுவாசத்துக்கு வந்ததால சொந்த ஊர்ல இருக்க முடியாம அடியும் மிதியும் பட்ட சனங்களுக்கு தலை சாய்க்க ஒரு இடம் வேணும்னு நிலம் வாங்கி உண்டாக்கினது. (இன்னைக்கு முதலூர்னா எல்லாருக்கும் மஸ்கோத் அல்வா தான் ஞாபகம் வருது, அந்த ஊர் எதுக்காக உண்டாச்சுங்கறதும் ஞாபகம் இருந்தா நல்லா இருக்கும்.) அப்புறம் மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்துல 1830-ல தர்ம சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சு, இந்த மாதிரி ஊர்களுக்கு நிலமும் வீடும் வாங்கறதுக்குன்னே பணம் சேர்த்தாங்க. கால்டுவெல் ஐயர் 1841-ல இடையன்குடி வந்து தெருவெல்லாம் நூல் பிடிச்ச மாதிரி நேரா போட்டு ஊர் கட்டினார். இதையெல்லாம் பெருமைக்கு சொல்லல தம்பி. அந்த ஊர்கள் எல்லாம் வேற வழியில்லாம உண்டான அடைக்கலம், உங்களுது விரும்பி தேர்ந்தெடுக்கிற வாழ்க்கை, இந்த வித்தியாசம் பெருசு. வேற வழியில்லாதவன் சண்டை வந்தாலும் அந்த ஊர்லயே தான் கிடப்பான். உங்க எல்லாருக்கும் தாம்பரத்துல வீடு இருக்கு, கோவம் வந்தா கிளம்பிடலாம். அதனால கிளம்பறது எப்படின்னு தான் நீங்க முதல்ல எழுதணும். நான் இன்னைக்கு சொல்ல வந்ததே இதுதான், மத்ததெல்லாம் இதுக்கு பின்னாடி தான்.

"நமக்குள்ள என்ன பத்திரம்"னு ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, 26 வருஷமா பாளையங்கோட்டைல இந்த நிலப் பத்திர வேலை தான் பாக்குறேன், இந்த ஒரு வார்த்தையில ஆரம்பிச்ச கேஸ் எத்தனை பார்த்திருப்பேன்னு கணக்கே இல்ல. ஒண்ணு மட்டும் சொல்றேன், ஆள் பேரெல்லாம் வேண்டாம். நாலு சிநேகிதங்க, ஒரே சபை, சேர்ந்து 3 ஏக்கர் வாங்கினாங்க, கூட்டுப்பட்டா, ஒரு கிணறு, ஒரு மோட்டார் ரூம். பத்து வருஷம் ஒரு வார்த்தை தடிச்சது கிடையாது. ஒருத்தர் திடீர்னு ஹார்ட் அட்டாக்ல இறந்துட்டார். அவர் பசங்களுக்கு இந்த கூட்டுறவு, ஐக்கியம் எதுவும் தெரியாது, அவங்க பங்கை பிரிச்சு கேட்டாங்க, கேட்டதுல தப்பும் இல்ல. மத்த மூணு பேர்கிட்ட வாங்க பணம் இல்ல, வெளிய விக்க சம்மதமும் இல்ல. பாகப்பிரிவினை வழக்கு 11 வருஷம் ஓடுச்சு, மோட்டார் ரூமுக்கு ரெண்டு பூட்டு தொங்குச்சு, தென்னை எல்லாம் கருகிப் போச்சு. கடைசியா கோர்ட் வராண்டாவுல அந்த மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம உக்காந்திருந்தத நான் பார்த்தேன். அவங்கள்ல யாருமே கெட்டவங்க இல்ல தம்பி. எழுதாம விட்டாங்க, அவ்வளவு தான்.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். அண்ணன் ஒருத்தர் பேர்ல மொத்தமா வாங்கறது, இத இன்னைக்கே விட்டுடுங்க. ஏழு பேர் பணம், ஒருத்தர் பேர்ல பத்திரம்னா பினாமி சட்டத்துக்குள்ள போய் மாட்ட வாய்ப்பு இருக்கு. 1988 சட்டம், 2016-ல ரொம்ப கடுமையாக்கிட்டாங்க, நிலத்தையே அரசாங்கம் எடுத்துக்கலாம், ஜெயில் தண்டனையும் உண்டு. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த அண்ணன் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் அவர் ஒரு பிசினஸ் லோனுக்கு ஜாமீன் போட்டு அது திரும்பலன்னா பேங்க் வந்து ஜப்தி பண்றது உங்க எல்லாரோட வீட்டையும் தான். அவர் காலத்துக்கு அப்புறம், உயில் இல்லன்னா, இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-ன்படி நம்ம கிறிஸ்தவங்களுக்கு மனைவிக்கு மூணுல ஒண்ணு, பிள்ளைங்களுக்கு மூணுல ரெண்டு. அவர் பிள்ளைங்க உங்க வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வந்தவங்களா, வந்தாலும் மனசோட வந்தவங்களான்னு யோசிச்சுப் பாருங்க. அந்த அண்ணன் மேல அன்பு இருந்தா இவ்வளவு பெரிய பாரத்த அவர் தலையில வைக்காதீங்க.

கனடா குடும்பம். இது நிறைய பேருக்கு தெரியாம மாட்டிக்கிற இடம். வெளிநாட்டு குடியுரிமை வாங்கி ஓ.சி.ஐ கார்டு வச்சிருக்கிறவங்க இந்தியால வீடு வாங்கலாம், ஆனா விவசாய நிலமோ, தோட்டமோ, பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது, ஃபெமான்னு சொல்ற அந்நியச் செலாவணி சட்டம் அப்படி. நீங்க பார்த்திருக்கிறது புஞ்சை. அவங்க பேரை அந்த பத்திரத்துல போட முடியாது. பேர் போடாம பணம் மட்டும் வாங்கிக்கலாம்னா அது கடனா, அன்பளிப்பா, யார் யாருக்கு கொடுக்கிறாங்கன்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ரூல். நாளைக்கு டிரஸ்ட் ஆரம்பிச்சு அதுக்கு அவங்க அனுப்பினா வெளிநாட்டு நன்கொடைக்கான எஃப்.சி.ஆர்.ஏ சட்டம் வந்துடும். ஒரு நல்ல ஆடிட்டரை பாக்குறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட இருந்து ஒரு ரூபாய் கூட வாங்காதீங்க. எனக்கு இன்னொரு சங்கடமும் இருக்கு, சொல்லிடுறேன். மூணுல ஒரு பங்கு பணம் தர்றவங்க, ஆனா அங்க வந்து வாழப் போறது இல்ல, ரிட்டயர் ஆனதும் வருவாங்க, அப்படித்தானே? அப்ப நீங்க கிணத்தை எங்க தோண்டறது, மாடு வாங்கறதா வேண்டாமான்னு பேசுறப்ப அவங்க வீடியோ கால்ல இருந்து சொல்ற வார்த்தைக்கு ஒரு பங்கா மூணுல ஒரு பங்கா? பணம் அதிகம் போட்டவங்க குரலும் கம்மியா போட்டவங்க குரலும் ஒண்ணா இருக்கணும்னா அத இப்பவே அவங்ககிட்ட வாயை திறந்து சொல்லணும்.

நிலத்த பத்தி கொஞ்சம். வில்லங்கம் 30 வருஷத்துக்கு போட்டு பார்த்தோம் சுத்தமா இருக்குன்னு புரோக்கர் சொல்வார், அது போதாது. அ-பதிவேடு (கிராம நிலக் கணக்கு) நகல், புலப்படம் (சர்வே வரைபடம்), பழைய செட்டில்மெண்ட் பதிவு வரைக்கும் போய் பாருங்க. முக்கியமா அது பஞ்சமி நிலமா இருக்கக் கூடாது. 1892-ல இருந்து ஒடுக்கப்பட்ட மக்களுக்குன்னு அரசாங்கம் கொடுத்த நிலம் அது, மத்தவங்க வாங்கினா செல்லாது, எத்தனை கை மாறி வந்திருந்தாலும் செல்லாது. சட்டம் சொல்றதுக்காக மட்டும் சொல்லல, ஒரு ஏழைக் குடும்பத்துகிட்ட இருந்து எப்பவோ ஏமாத்தி வாங்கின மண்ணு மேல ஜெப வீடு கட்ட உங்களுக்கும் மனசு வராதுன்னு தெரியும். அப்புறம் ஓடை, குளத்து வாய்க்கால், வண்டிப்பாதை புறம்போக்கு உள்ள ஓடுதான்னு புலப்படத்துல பாருங்க. மலையடிவாரத்துல நிறைய கிராமம் ஹாக்கா (மலைப்பகுதி பாதுகாப்பு) லிஸ்ட்ல இருக்கு, உங்க கிராமம் இருந்தா கட்டடத்துக்கு அந்த அனுமதியும் வேணும். 6 ஏக்கரை விவசாய நிலமா வாங்கி பிரிச்சுக்கறது வேற, மனையா பிரிச்சு ரோடு விட்டு வீடு கட்டறது வேற. ரெண்டாவதுக்கு டி.டி.சி.பி (நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவல் வேணும், பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவு வந்ததுக்கு அப்புறம் அப்ரூவல் இல்லாத மனையை சார்பதிவாளர் பதிய மாட்டார். பிறகு பார்த்துக்கலாம்னு வாங்கி வச்சிட்டு நிக்கிறவங்கள வாரா வாரம் பாக்குறேன்.

டிரஸ்ட்டா சொசைட்டியான்னு கேட்டீங்க. என் அபிப்பிராயம், வீடு இருக்கிற இடத்துக்கு ரெண்டும் வேண்டாம். கனடா குடும்பம் நீங்கலா ஒவ்வொரு குடும்பமும் அவங்க அவங்க பங்கை தனித் தனி கிரயப் பத்திரமா, அளந்து, உட்பிரிவு பண்ணி, தனிப்பட்டாவா வாங்கணும். அதுல புருஷன் பேர் மட்டும் இல்லாம மனைவி பேரும் இருக்கணும், இத நான் எல்லா கிறிஸ்தவ குடும்பத்துக்கும் சொல்றேன். பொதுவா இருக்கிற கிணறு, பாதை, சமையல்கூடம், தோட்டத்துல ஒரு துண்டு, இத மட்டும் ஒரு சொசைட்டி பேர்ல வைக்கலாம், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-க்கு குறைஞ்சது ஏழு பேர் வேணும், நீங்க ஏழு குடும்பமும் ஆளுக்கொருத்தர் வந்தா சரியா இருக்கு. அதுலயும் கனடா குடும்பம் வர்றதா இருந்தா யோசிச்சு பண்ணணும். ஒவ்வொருத்தர் பத்திரத்துலயும் பொதுப் பாதைக்கும் கிணத்து தண்ணிக்கும் உள்ள உரிமைய தெளிவா எழுதிடணும். பொதுச் சொத்தை சின்னதா வைங்க. சண்டை வந்தாலும் வீடு நிக்கும்.

சரி, விசுவாசிக்கு மட்டும் தான் விக்கணும்னு எழுத முடியுமா? சட்டத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். ஒருத்தருக்கு சொத்தை கிரயம் கொடுத்துட்டு நீ இத விக்கவே கூடாதுன்னு நிபந்தனை போட்டா, சொத்து மாற்றுச் சட்டம் 10-வது பிரிவுப்படி அந்த நிபந்தனை செல்லாது, கிரயம் செல்லும். அதே சமயம் அகமதாபாத்துல பார்சிக்காரங்க ஒரு கூட்டுறவு வீட்டு வசதி சங்கம் வச்சு, பார்சிகளுக்கு மட்டும் தான் மெம்பர்ஷிப்னு துணை விதில எழுதியிருந்தாங்க, அத ஒரு மெம்பரே எதிர்த்து, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 2005-ல அந்த விதி செல்லும்னு தீர்ப்பு வந்துச்சு. ஆக கூட்டுறவு சங்கமா வச்சா அப்படி ஒரு வழி இருக்கு. இருந்தாலும் நான் உங்களுக்கு அத சிபாரிசு பண்ண மாட்டேன். ஏழு குடும்பத்துக்கு அது தாங்காத பெரிய ஏற்பாடுங்கறது ஒரு காரணம். இன்னொரு காரணம், விசுவாசியா இல்லையான்னு யார் தீர்மானிக்கிறது? ஆர்.சி காரர் வந்தா? முழுக்கு ஞானஸ்நானம் எடுக்காத சி.எஸ்.ஐ காரர் வந்தா? இப்ப உங்க ஏழு குடும்பத்துலயே எத்தனை சபைன்னு நீங்க எழுதல. ஒரு சொத்து விவகாரத்துக்காக ஒருத்தரோட விசுவாசத்த கமிட்டி போட்டு விசாரிக்கிற நாள் வந்தா உங்க ஐக்கியம் அன்னைக்கே முடிஞ்சு போச்சு.

அதுக்கு பதிலா முன்னுரிமை ஒப்பந்தம் போடுங்க. ஒருத்தர் போறதா முடிவு பண்ணினா முதல்ல மத்த ஆறு குடும்பத்துக்கு எழுத்துல சொல்லணும். விலை எப்படி கணக்கு போடறதுன்னு இப்பவே முடிவு பண்ணி எழுதிடணும், நிலத்துக்கு இப்படி, கட்டடத்துக்கு இப்படி, வெளி ஆள் மதிப்பீட்டாளர் ஒருத்தர்னு. 90 நாளோ 120 நாளோ டைம், தவணையா கொடுக்கலாமா வேண்டாமான்னும் எழுதிடுங்க. ஆறு பேர்ல யாராலயும் முடியலன்னா அவர் யாருக்கு வேணாலும் வித்துட்டு போகலாம், அவர் மேல யாரும் மனஸ்தாபம் வைக்கக் கூடாது. இந்த கடைசி வரிய சட்டம் கேக்காது, நீங்க உங்களுக்காக எழுதுங்க. ஆபிரகாம் லோத்துகிட்ட சொன்னாரே, நீ இடது பக்கம் போனா நான் வலது பக்கம் போறேன்னு, மேய்ப்பங்களுக்குள்ள சண்டை வந்த உடனே சொன்னார், பகையா ஆகற வரைக்கும் காத்திருக்கல. பிரிஞ்சதுக்கு அப்புறம் லோத்தை சிறைபிடிச்சிட்டு போனப்ப ஆள் கூட்டிட்டு ஓடினதும் அதே ஆபிரகாம் தான். ஒழுங்கா பிரிஞ்சதால தான் அந்த பாசம் மிஞ்சுச்சு.

இதோட ஒவ்வொருத்தரும் உயிலும் எழுதிடுங்க. யாராவது தன் பங்கை பொதுக் காரியத்துக்கு எழுதி வைக்க விரும்பினா, முன்னாடி நம்ம கிறிஸ்தவங்களுக்கு மட்டும் அதுல ஒரு தடை இருந்துச்சு, அதே வாரிசுரிமைச் சட்டத்தோட 118-வது பிரிவு, 2003-ல சுப்ரீம் கோர்ட் அத ரத்து பண்ணிடுச்சு, இப்ப தாராளமா எழுதலாம். பிள்ளைங்கள கூப்பிட்டு சொல்லிட்டு எழுதுங்க.

ஆதி சபையில எல்லாம் பொதுவா இருந்துச்சே, நாம மட்டும் தனித்தனி பட்டா வைக்கலாமான்னு உங்க கூட்டத்துல யாராவது கேப்பாங்க, கேக்கணும், நல்ல கேள்வி. அப்போஸ்தலர் நாலாம் அதிகாரத்தோட நிறுத்தாம அடுத்த ரெண்டையும் சேர்த்து படிங்க. அஞ்சாம் அதிகாரத்துல பேதுரு அனனியாகிட்ட கேக்கறது என்ன? விக்கறதுக்கு முன்னாடி அது உன்னுடையதா தானே இருந்துச்சு, வித்த பிறகும் உன் வசத்துல தானே இருந்துச்சுன்னு. யாரும் அவன கட்டாயப்படுத்தல, குற்றம் பொய் சொன்னது தான். ஆறாம் அதிகாரத்துல சாப்பாட்டுப் பங்கீட்டுல முறுமுறுப்பு வந்துடுச்சு, கிரேக்கு பேசுற விதவைகளுக்கு சரியா போய்ச் சேரல. பரிசுத்த ஆவியால நிரம்பின சபையிலயே வந்துச்சு தம்பி! உடனே ஏழு பேரை நியமிச்சு பந்திவிசாரணைய ஒப்படைச்சாங்க, அந்த ஏழு பேரும் கிரேக்கு பேர் உள்ளவங்க, அதாவது யார் குறை சொன்னாங்களோ அவங்க பக்கத்து ஆளுங்க கையிலயே பொறுப்ப கொடுத்துட்டாங்க. உங்க சமையல்கூடத்துக்கு இதவிட நல்ல பைலா நான் எழுதித் தர முடியாது.

உண்மையிலயே எல்லாத்தையும் பொதுவா வச்சு வாழறவங்க உலகத்துல இருக்காங்க. ஹட்டரைட்னு ஒரு கூட்டம், 1528-ல இருந்து, இப்ப பெரும்பாலும் கனடாவுலயும் அமெரிக்காவுலயும் இருக்காங்க, யாருக்கும் சொந்த சொத்து கிடையாது, விட்டுட்டு போறவங்க பங்குன்னு எதுவும் கேக்க முடியாது, அது தெரிஞ்சு தான் பெரியவங்களானதும் ஞானஸ்நானம் எடுத்து உள்ள வர்றாங்க. ஒரு குடியிருப்புல ஆள் 150 கிட்ட வந்தா புது இடம் வாங்கி பாதிப்பேர் அங்க போயிடுவாங்க. நீங்க அதுக்கு தயாரான்னா எனக்கு அப்படி தோணல, உங்க லெட்டர்ல இருக்கிறது பக்கத்து பக்கத்துல வீடு, ஒரு நேரம் சேர்ந்து சாப்பாடு, சேர்ந்து ஜெபம். அது ஒண்ணும் குறைஞ்ச ஆசை இல்ல.

எனக்கு ரொம்ப பிடிச்சது ஹெர்ன்ஹூட் கதை. ஜெர்மனில 1722-ல மொராவியால இருந்து அகதிகளா வந்த விசுவாசிகளுக்கு சின்சன்டார்ஃப் பிரபு தன் நிலத்துல இடம் கொடுத்தார். அஞ்சு வருஷத்துல சுமார் 300 பேர் ஆனாங்க, பல சபையில இருந்து வந்தவங்க, பயங்கர சண்டை, ஒருத்தர ஒருத்தர் கள்ளப் போதகர்னு சொல்ற அளவுக்கு. அந்த பிரபு வேலைக்கு லீவு போட்டுட்டு வந்து வீடு வீடா போய் பேசி, ஊர்ல எப்படி நடந்துக்கணும்னு ஒரு ஒப்பந்தம் எழுதி 1727 மே 12-ம் தேதி எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கினார். அதே வருஷம் ஆகஸ்ட் 13-ம் தேதி திருவிருந்துல தான் அந்த பெரிய எழுப்புதல் வந்துச்சுன்னு எல்லா ஊழியக்காரங்களும் பிரசங்கத்துல சொல்றாங்க, மூணு மாசம் முன்னாடி போட்ட அந்த கையெழுத்த பத்தி யாரும் சொல்றது இல்ல! அந்த சபைக்காரங்க 1760-ல நம்ம தரங்கம்பாடிக்கே வந்து ஊருக்கு வெளிய தோட்டம் போட்டு சேர்ந்து வாழ்ந்திருக்காங்க. காகிதம் எழுதறது அவிசுவாசம்னு உங்க கூட்டத்துல யார் சொன்னாலும் இந்த ரெண்டு தேதிய சொல்லுங்க.

காம்பவுண்டு சுவர் விஷயத்துக்கு வர்றேன், இதுல நான் கொஞ்சம் கண்டிப்பாவே சொல்வேன். நீங்க போற இடத்துல ஏற்கனவே ஒரு ஊர் இருக்கு. அவங்களுக்கு கோயில் கொடை இருக்கு, கிடை போடற ஆட்டுக்காரர் இருக்கார், நீங்க வாங்கப் போற நிலத்துக்குள்ள தான் இத்தனை வருஷமா மாடு ஓட்டிட்டு போயிருப்பாங்க. சென்னைல இருந்து ஏழு கார் வந்து, ஆறடி சுவர் எழுப்பி, கேட் போட்டு, உள்ள இருந்து பாட்டு சத்தம் மட்டும் வந்தா அவங்க என்ன நினைப்பாங்க? பன்றிக்கு வேலி போடுங்க, அது தேவை தான். மனுஷனுக்கு சுவர் வேண்டாம். பாலை அந்த ஊர்ல வாங்குங்க, வேலைக்கு அந்த ஊர்ல ஆள் கூப்பிடுங்க, கிணத்துல தண்ணி இருந்தா கோடைல ரெண்டு குடம் கொடுங்க, பஞ்சாயத்து தலைவரை நிலம் வாங்கறதுக்கு முன்னாடியே போய் பார்த்து நாங்க யார், எதுக்கு வர்றோம்னு நேரா சொல்லுங்க. வீட்ல குடும்பமா ஜெபிக்கிறது வேற, ஜெப வீடுன்னு தனிக் கட்டடம் கட்டறது வேற, ரெண்டாவதுக்கு கலெக்டர் அனுமதி வேணும், சமையல்கூடம்னு பிளான் போட்டு ஜெப வீடா மாத்திக்கலாம்னு யாராவது யோசனை சொன்னா கேக்காதீங்க. பொய்யில அஸ்திவாரம் போட வேண்டாம்.

பசங்களுக்கு நாங்களே பாடம்னு எழுதியிருக்கீங்க, பரீட்சைக்கு என்.ஐ.ஓ.எஸ் (தேசிய திறந்தநிலைப் பள்ளி) இருக்கு, முடியும். ஆனா சின்னப் பிள்ளைங்களயாவது அந்த ஊர் ஸ்கூலுக்கு அனுப்பலாமேன்னு எனக்கு தோணுது. 12 வயசு பொண்ணுக்கு அந்த ஆறு வீட்டை விட்டா வேற சிநேகிதியே இல்லன்னா அவ என்ன ஆவா?

இன்னொரு கேள்வி இருக்கு, கேக்க கஷ்டமா இருக்கு, கேக்காம விட்டா நான் உங்க அக்கா இல்ல. ஒரே மனசுள்ள ஏழு குடும்பம்னு சொல்றீங்க. ஏழு குடும்பமும் ஒரே சாதியா? இருந்தா, அது தற்செயலா அமைஞ்சதா? நம்ம தென் மாவட்டத்து கிறிஸ்தவ ஊர்கள்ல தெருவுக்கு தெரு சாதி இருக்கறதும், கல்லறைத் தோட்டத்துல கூட பிரிவு இருக்கறதும் நீங்க அறியாதது இல்ல. நான் மேல சொன்ன அசனத்துல எல்லாரும் ஒரே தரையில உக்காந்தோம்னு சொன்னேனே, பக்கத்து தெருவுல இருந்து ஒரு கூட்டம் அந்தப் பந்திக்கு கடைசியா தான் வரும்ங்கறது எனக்கு 20 வயசுக்கு மேல தான் உறைச்சுது. அது என் மனசுல இன்னும் குத்திட்டு இருக்கு. நாளைக்கு எட்டாவதா ஒரு குடும்பம், வேற சாதி, அதே விசுவாசம், வந்து கேட்டா உங்க ஏழு பேரும் ஒரே குரல்ல வாங்கன்னு சொல்வீங்களா, உங்க பிள்ளைங்க அங்க காதலிச்சா கட்டிக் கொடுப்பீங்களா, இத வெள்ளிக்கிழமை கூட்டத்துல வெளிப்படையா பேசுங்க. அதுக்கு வர்ற பதில் எனக்கு வேண்டாம், உங்களுக்கு வேணும்.

இப்ப அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுக்காதீங்க. ஆழ்வார்குறிச்சி, கடையம் பக்கம் வாடகைக்கு வீடு கிடைக்கும். முதல்ல ரெண்டு குடும்பம் ஒரு வருஷம் இருந்து பாக்கட்டும், மத்தவங்க லீவுக்கு வந்து ஒரு மாசம் சேர்ந்து சமைச்சு சாப்பிடட்டும். சித்திரை வெயில் எப்படி இருக்கு, ஐப்பசில எந்த பக்கம் தண்ணி நிக்குது, ராத்திரி ஒரு வயசானவருக்கு நெஞ்சு வலிச்சா தென்காசிக்கு எவ்வளவு நேரம் ஆகுது, வருமானம் எங்க இருந்து வரும், இதெல்லாம் காகிதத்துல தெரியாது. 6 ஏக்கர் புஞ்சை ஏழு குடும்பத்துக்கு சோறு போடாது, யார் யார் வேலைய விடறது, யார் தொடர்ந்து சம்பாதிக்கிறது, சம்பாதிக்கிறவர் எவ்வளவு பொதுக்கணக்குல போடறதுன்னு ஒரு நோட்டுல எழுதி ஒரு வருஷம் நடத்திப் பாருங்க. நான் சொன்ன ஒப்பந்தத்தையும் அந்த ஒரு வருஷத்துக்கே போட்டுப் பாருங்க. சண்டை வந்தா பேசி முடிக்க உங்க கூட்டத்துல இல்லாத, எல்லாரும் மதிக்கிற ஒரு பெரியவர், ரிட்டயர் ஆன போதகரோ வாத்தியாரோ, அவர் பேரையும் அதுல எழுதிடுங்க.

கடைசியா உங்க வீட்டம்மா. பயம் இருக்கு, அதுக்காக ஜெபிக்கிறோம்னு எழுதியிருக்கீங்க. அந்தப் பயம் என்னன்னு அவங்ககிட்ட யாராவது கேட்டீங்களா? பொது சமையல்கூடத்துல ஏழு குடும்பத்துக்கு யார் சமைக்கப் போறாங்க, 28 பேர் சாப்பிட்ட பாத்திரத்த யார் கழுவப் போறாங்க, மாமியார் படுத்துட்டா யார் பாக்கறது, புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஒரு வார்த்தை வந்தா அது ஏழு வீட்டுக்கும் கேக்குமா, தாம்பரத்துல அவங்க பாக்குற வேலை என்ன ஆகும், இதுல ஒண்ணோ, எல்லாமோ, இல்ல நான் நினைக்காத வேற ஏதோ ஒண்ணோ. உங்க லெட்டர்ல ஏழு குடும்பத்துலயும் உள்ள பொம்பளைங்க ஒருத்தரோட வார்த்தை கூட இல்ல தம்பி. அவங்கள தனியா எனக்கு ஒரு லெட்டர் எழுதச் சொல்லுங்க, நீங்க படிக்க வேண்டாம், மத்த ஆறு பேரையும் எழுதச் சொன்னா இன்னும் நல்லது. அந்த லெட்டர் எல்லாம் வந்து நான் படிச்சதுக்கு அப்புறம் தான் ஒப்பந்தத்துக்கு டிராஃப்ட் எழுத உக்காருவேன்.

அன்புடன்,
உங்க வக்கீல் அக்கா